காது கேட்கவில்லையா? உடனே போன் செய்யுங்கள்!

சனிக்கிழமை சாயங்காலம் ஏற்காடு லூப் ரோட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் போய் நின்று பாருங்கள். கீழேயிருந்து வந்த கார் ஒன்று ஓரங்கட்டும். கதவு திறக்கும். உருளையான ஒரு ஸ்பீக்கர் பானட் மேல் ஏறும். பையன் போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவான். அவ்வளவுதான். காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, சில்வர் ஓக் மரம், அதில் தூங்க வந்த பறவை எல்லாவற்றுக்கும் குத்துப்பாட்டு கேட்கும். யாரும் கேட்காத பாட்டு எல்லோருக்கும் கேட்கும். புளூடூத் மலையேறி வந்து ஒரே நொடியில் வேலை செய்கிறது.

அந்த ரோட்டை ஒட்டிய வீடொன்றில் ஓர் ஆயா இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு என்பதால் பெயர் வேண்டாம். காப்பிப் பழம் பறித்தே வயதானவர். காது மந்தம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவன் போனில் பேசினால் அது காதில் விழ வேண்டும்; ஆயா விஞ்ஞானத்திடம் கேட்கும் வரம் இது ஒன்றுதான். மகன் கடன் வாங்கி, புளூடூத் வைத்த காது மிஷின் ஒரு ஜோடி வாங்கி அனுப்பிவிட்டான். பிளஸ் டூ படிக்கும் பேத்தி போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஊரான் ஸ்பீக்கரோடு ஒரு நொடியில் சேர்ந்த அதே புளூடூத், ஆயாவின் காதோடு சேர மாட்டேன் என்கிறது.

இந்த இடத்துக்கு வருவதற்குள் ஆயா என்னென்ன தாண்டி வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். அங்கே ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள எந்தக் கட்டடத்துக்கும் இது பொருந்தும். காது கேட்கவில்லை என்று வந்து உட்கார்ந்திருப்பவர்களை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து வந்தால், காது நன்றாகத்தான் இருக்கிறது. வராமல் உட்கார்ந்திருந்தால், ஆள் வரவில்லை. எப்படியும் வேலை மிச்சம்.

பரிசோதனை முடிந்தால் டெசிபெல் கணக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். 55 டெசிபெல் போனவர்? அவருக்குச் சட்டப்படி நன்றாகவே கேட்கிறது. மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் சத்தமே சுமார் 60 டெசிபெல்தான் என்பதால், எதிரில் இருப்பவர் பேசுவது அவருக்கு முணுமுணுப்பாகத்தான் விழும். அது அவருடைய சொந்த அபிப்பிராயம். அரசாங்கத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

அந்தக் கோட்டைத் தாண்டும் அளவுக்கு அதிர்ஷ்டம் இருந்து, மாற்றுத்திறனாளி அட்டையும் கிடைத்து, முகாமும் நடந்தால் மத்திய அரசின் அடிப் திட்டத்தில் இலவசக் காதொலிக் கருவி கிடைக்கும். கான்பூரில் 1972இல் தொடங்கிய அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம் இந்த உபகரணங்களைச் செய்து நாடு முழுக்க முகாம்களில் கொடுக்கிறது. கொடுப்பது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் முகாமில் கொடுக்கும் மிஷினில் பெரும்பாலும் புளூடூத் என்ற பேச்சே கிடையாது. போன் பேச வேண்டும் என்றால் தனியாரிடம் போ. அங்கே ஒரு காதுக்கே பல பத்தாயிரம். நல்ல ஜோடி லட்சத்தைத் தாண்டும். 2023இல் தமிழக அரசு முதியோர் உதவித்தொகையை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தியது. ஆயா அதை அப்படியே, ஒரு வாய் சோறு தின்னாமல் சேர்த்தால் ஏழு வருடத்தில் லட்ச ரூபாய் மிஷின் வாங்கிவிடலாம். காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதோடு பேச வேண்டிய போனுக்கு 18 சதவீதம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதற்கு இந்த நாட்டில் காது தேவையில்லை, கை போதும்.

சரி, வாங்கியாகிவிட்டது. ஏன் சேரவில்லை?

ஏனென்றால் ஜாதகம் பொருந்தவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் இயர்பட் எந்தப் போனையும் கட்டிக்கொள்ளும். குலம் கோத்திரம் பார்க்காது. லட்ச ரூபாய் காது மிஷின் மட்டும் மாப்பிள்ளை எந்தக் கம்பெனி, எந்த வருடம், எந்த நட்சத்திரம் என்று கேட்கும். அதுவும் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு கேட்கும்.

கம்பெனிக்காரர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இயர்பட்டில் சார்ஜ் தீர்ந்தால் டப்பாவில் போட்டுவிட்டுப் போய்விடலாம். காது மிஷின் காலையில் மாட்டினால் இரவு வரை ஓட வேண்டும். உள்ளே இருப்பதோ மிகச் சிறிய பேட்டரி. இயர்பட் பயன்படுத்தும் பழைய புளூடூத் முறை அதற்கு அதிக மின்சாரம் கேட்கும். ஆகவே குறைந்த மின்சாரத்தில் ஒலியை அனுப்பத் தனி வழி ஒன்று தேவைப்பட்டது. முழுக்க நியாயம். ஆனால் ஒரு தனி வழி போதும் என்று இவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆப்பிள் தன் வழியைப் போட்டது. 2014இல் ஜி.என். ரீசவுண்ட் கம்பெனியின் லிங்க்ஸ் என்ற மிஷின் அந்த வழியில் நேராக ஐபோனோடு பேசியது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவன் காது மூடிக் காத்திருந்தான். கூகுள் 2018இல் ஆஷா என்ற இன்னொரு வழியை அறிவித்து, 2019இல் ஆண்ட்ராய்டு 10இல் சேர்த்தது. அதுவும் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் அல்ல. போன் செய்தவன் மனம் வைத்தால் உண்டு. இரண்டும் வேண்டாம், பழைய புளூடூத்தையே வைத்து எந்தப் போனோடும் சேர்க்கிறேன் என்று ஃபோனாக் 2017இல் வந்தது. நல்ல செய்திதான். முதலில் அழைப்பு ஒரு காதில்தான் கேட்டது. இரண்டு காதுக்கும் கேட்க அடுத்த வருடம் வந்த அடுத்த மாடலை வாங்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் வாங்கியவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் இடைத்தரகுக் கருவி ஒன்றைத் தனி விலைக்கு விற்றார்கள்.

உலகச் சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருப்பது ஐந்தே குழுமங்கள்: சுவிட்சர்லாந்தின் சோனோவா, டென்மார்க்கின் டிமாண்ட், ஜி.என்., டபிள்யூ.எஸ். ஆடியாலஜி, அமெரிக்காவின் ஸ்டார்க்கி. ஒரு பெஞ்சில் உட்காரவைத்துப் பேசி முடிக்கக்கூடிய எண்ணிக்கை. பொது வழியாக எல்.இ. ஆடியோ அறிவிக்கப்பட்டது 2020 ஜனவரியில். அதன் விதிகள் முழுமையானது 2022 ஜூலையில். வந்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். அதற்குப் போனும் புதிது, மிஷினும் புதிது வேண்டும். ஆயாவின் மகன் தவணையில் வாங்கிக் கொடுத்த போனில் அது இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டால், "கேமரா 50 மெகாபிக்சல் இருக்குங்க" என்பார்.

பொருத்தம் இல்லாவிட்டால் பரிகாரம் உண்டல்லவா? பேத்தி ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறாள். கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், இவை உண்மையிலேயே பயன்படும். பயன்படுகிற விஷயத்தைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து டப்பாவில் வைக்க எவனுக்கும் மனம் வரவில்லை என்பதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பரிகாரம் ஒன்று: மிஷினை அணைத்துப் போடுக. பெரும்பாலான மிஷின்கள் அணைத்துப் போட்ட பிறகு சுமார் 3 நிமிடம்தான் புதிய போனை ஏற்கும். முகூர்த்தம் தவறினால் மறுபடி அணைத்துப் போட வேண்டும். இரண்டு காதையும் சேர்த்தே செய்ய வேண்டும். இல்லையென்றால் வலக்காதுக்கு மகன் குரலும் இடக்காதுக்கு மௌனமும் கிடைக்கும்.

பரிகாரம் இரண்டு: சரியான வாசல் வழியாகப் போகவும். ஐபோனுக்கென்று செய்த மிஷினை புளூடூத் பட்டியலில் தேடக் கூடாது. அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போய், செவிக் கருவிகள் என்ற இடத்தில் சேர்க்க வேண்டும். பழைய புளூடூத் வகை மிஷினை அங்கே தேடக் கூடாது. புளூடூத் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். உங்கள் மிஷின் எந்த வகை என்பது டப்பாவில் இங்கிலீஷில், எறும்பு படிக்கும் எழுத்தில் இருக்கும்.

பரிகாரம் மூன்று: நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை உள்ள போன்களில், பக்கத்தில் உள்ள குறைமின் புளூடூத் கருவியைத் தேட ஓர் ஆப்புக்கு லொகேஷன் அனுமதி வேண்டும். அதாவது, ஆயாவின் காதில் இருக்கும் மிஷினை ஆயாவின் கையில் இருக்கும் போன் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஆயா மஞ்சக்குட்டையில் இருக்கிறார் என்று செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாலை கேட்டு மனுப் போட்டால் மஞ்சக்குட்டை எங்கே இருக்கிறது என்று கேட்கும் உலகம், காது மிஷின் மாட்டினால் மட்டும் அட்சரேகை தீர்க்கரேகையோடு கண்டுபிடித்துவிடுகிறது.

பரிகாரம் நான்கு: பழைய சம்பந்தத்தை அறுக்கவும். முன்பு சேர்த்த போன் பக்கத்து அறையில் கிடந்தால் மிஷின் அதைத்தான் முதலில் தேடிப் போகும். அந்தப் போனில் புளூடூத்தை அணைக்க வேண்டும். போனின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு திடீரென்று சத்தம் நின்றுபோனால், போனிலிருந்து மிஷினை நீக்கி, போனையும் அணைத்துப் போட்டு, முதலிலிருந்து சேர்க்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அந்த ஆப்பைக் கொன்றுபோடுவதும் உண்டு. அதற்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும்.

பரிகாரம் ஐந்து: போனை நெஞ்சுப் பக்கம் வைக்கவும். புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், அதைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். போனை இடுப்பில் செருகி முதுகைக் காட்டினால் விட்டுவிட்டுத்தான் கேட்கும். வைஃபையும் பெரும்பாலும் அதே அலைவரிசையில் ஓடுவதால் அதன் பக்கத்தில் உட்காரக் கூடாது. மஞ்சக்குட்டை வீட்டில் இந்தக் கவலை இல்லை என்பது ஓர் ஆறுதல்.

பரிகாரம் ஆறு: கேட்டால் போதாது, பேசவும் வேண்டும். பல மிஷின்களில் ஒலி ஒரு வழிப்பாதை. மகன் குரல் காதுக்கு வரும். ஆயா குரல் போனின் மைக் வழியாகத்தான் போக வேண்டும். போன் மடியிலோ பையிலோ இருந்தால், "அம்மா, பேசும்மா... லைன்ல இருக்கியா?" என்று அவன் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருப்பான்.

பரிகாரம் ஏழு: குறும்பி பார்க்கவும். மிஷின் நுனியில் காதுக் குறும்பி அடைத்திருந்தால் உலகத்தின் எந்த புளூடூத்தும் உதவாது. ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் ஈரம் உள்ளே இறங்கும்; இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். இதற்கு ஆப் தேவையில்லை. துணி போதும்.

ஏழும் முடிந்து, "ஆயா, இப்ப கேக்குதா?" என்று பேத்தி கேட்கும்போது மிஷினில் கணீரென்று ஒரு குரல் ஒலிக்கிறது. ஆயா முகம் மலர்கிறது. மகன் அல்ல. இரண்டு லட்ச ரூபாய் கடன் உங்களுக்கு முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டுள்ளது என்கிறாள் ஒரு பெண். அடுத்த நிமிடம் மறுபடி மௌனம்.

இனிமேல்தான் உச்சகட்டம். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: பிரச்சினை தொடர்ந்தால் எங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைக்கவும். காது மிஷினில் போன் கேட்கவில்லை என்ற புகாரைப் போனில் சொல்ல வேண்டும். தீர்வைப் போனில் கேட்க வேண்டும். இதை யோசித்தவர், அங்கீகரித்தவர், அச்சடித்தவர் என்று குறைந்தது மூன்று பேராவது இருப்பார்கள். மூவருக்கும் மாதச் சம்பளம் உண்டு. பேத்தி அழைக்கிறாள். தமிழுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பதைக் கடைசியாகச் சொல்கிறார்கள். பாட்டுப் போடுகிறார்கள். கடைசியில் ஆள் வருகிறார்.

"பாதுகாப்புக் காரணங்களுக்காக மிஷின் யார் பேரில் இருக்கோ அவங்ககிட்டதான் பேச முடியும், மேடம்."

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க. அதுக்காகத்தான் போன் பண்றேன்."

"புரியுது மேடம். லைனை அவங்ககிட்ட குடுங்க."

சிரிப்பு வருகிறதா? இந்த அழைப்பு நான் கற்பனை செய்தது. ஆனால் இதைப் படிக்கும் எத்தனை வீடுகளில் இதைக் கற்பனை என்று ஒப்புக்கொள்வார்கள் என்பது எனக்குச் சந்தேகம்.

இதெல்லாம் வசதி உள்ளவர்களின் கஷ்டம், பாட்டுக் கேட்கவா போகிறாள் கிழவி என்று சொல்லும் மேதைகள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டுக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. உங்கள் அனுமதி வேண்டாம். அதையும் விடுங்கள். வங்கிக்குப் போன், ஆதாருக்குப் போன், சிலிண்டருக்குப் போன், ஆம்புலன்ஸுக்கு 108, முதல்வரிடம் குறை சொல்ல 1100. குடிமகன் என்பதற்கான ஒரே அடையாளமாகப் போனை ஆக்கிவிட்டு, அந்தப் போன் காதில் விழாதவரைப் பார்த்து ஆடம்பரம் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். 2011 கணக்கெடுப்பு கேட்கும் குறைபாடு உள்ள இந்தியர்கள் 50 லட்சம் பேர் என்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கைப்படி, காது மிஷின் தேவைப்படுபவர்களில் அதைப் பயன்படுத்துபவர்கள் 17 சதவீதம். மீதி 83 பேருக்கு மிஷினே இல்லை. அந்த 17 பேருக்கும் இந்தக் கதி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மேலே டெசிபெல் அளந்த அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அன்றாடம் பயன்படுத்தும் மின்னணுப் பொருள்கள் எல்லோரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. போனைவிட அன்றாடப் பொருள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா இந்த நாட்டில்? ஆயாவுக்கு 59 டெசிபெல்லா 60ஆ என்று ஒரு டெசிபெல்கூட விட்டுக்கொடுக்காமல் அமலாகும் சட்டம், கம்பெனிகள் பக்கம் திரும்பியதும் அறிவுரை சொல்லும் தாத்தா ஆகிவிடுகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: அணுகல்தன்மை விதி வெறும் பரிந்துரையாக இருக்கிறது, அது செல்லாது, கட்டாய விதிகளைக் கொண்டுவாருங்கள் என்றது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றது. ஆக, ஆயாவின் போன் காதில் கேட்பது வாழும் உரிமை. பேத்தி அதை லொகேஷனை ஆன் செய்து வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்கா 1988லேயே தொலைபேசிகள் காது மிஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்று சட்டம் போட்டது. 2024 அக்டோபரில் அங்கே விற்கும் எல்லாக் கைப்பேசிகளுமே ஒத்துப்போக வேண்டும், குறிப்பிட்ட பங்கு மாடல்களில் புளூடூத் வழி இணைப்பும் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் விதித்தது. அங்கே கைகட்டி நின்று கையெழுத்துப் போடும் அதே போன் கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அதே அறிவு, அதே இன்ஜினியர், பல இடங்களில் அந்த இன்ஜினியரே நம் ஊர்ப் பையன். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கேட்கிறார்கள், இங்கே கேட்பதில்லை.

ஆகவே கேட்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போன் டப்பாவிலும், எந்தெந்த வகைக் காது மிஷினோடு இந்தப் போன் சேரும் என்று ஒரு வரி, மாநில மொழியில். போனின் கதிர்வீச்சு தலைக்குள் எவ்வளவு போகும் என்று எஸ்.ஏ.ஆர். அளவை எழுதும் கம்பெனிக்கு, காதுக்குள் குரல் போகுமா என்று எழுதவும் தெரிந்திருக்கும். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைக்குப் பிடுங்கிக்கொண்ட அரசுக்கு, போன் டப்பாவில் ஒரு விரற்கடை இடம் பிடுங்கத் தெம்பில்லாமல் போகாது.

அரசு காசில் வாங்கும் காது மிஷினின் டெண்டரில் இரண்டு நிபந்தனை: பொது வழியான எல்.இ. ஆடியோ இருக்க வேண்டும். டெலிகாயில் என்ற செப்புச்சுருளும் இருக்க வேண்டும். அது எந்தக் கம்பெனி மிஷினிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் பழைய, மலிவான சங்கதி. மிஷினைச் சின்னதாக்குகிறோம் என்று பல மாடல்களில் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். சத்தமில்லாமல் செய்வதில் இந்தத் தொழில் கைதேர்ந்தது.

மாதம் ஒரு நாள் ஏற்காட்டில், மிஷினைத் துடைத்து, சேர்த்து, சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆள். 20 வளைவு அவர் ஏறி வரட்டும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார் என்கிறது சரித்திரம். லாபம் இருக்கும்போது மலை உயரமாகத் தெரிவதில்லை. அந்தக் காப்பியைப் பறித்துக் கொடுத்தவரின் காதுக்காக ஒரு டெக்னீஷியன் ஏறினால் ஒன்றும் மூச்சு வாங்காது.

கடைசியாக, காது மிஷின் விற்கும் எவனும் எழுத்தில் வரும் புகாரை ஏற்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி. இதற்கு உச்ச நீதிமன்றம் தேவையில்லை, கொஞ்சம் வெட்கம் போதும்.

இதற்குப் பதில் சொல்ல விரும்பும் அதிகாரிகளும் கம்பெனியாரும் தயவுசெய்து போன் செய்ய வேண்டாம். தமிழில் எழுதி, தேதி போட்டு, பொறுப்பான ஒருவர் கையெழுத்தும் போட்டு அனுப்புங்கள்.